ராபனெக் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி

வைஸன்ரோய்த் ஊரின் மாதிரி ரயில் கழகத்தில் வருடம் முழுவதும் ஜூன் மாதம்தான். வெளியே நவம்பர் மூடுபனியோ டிசம்பர் மழையோ எதுவானாலும் சரி, பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இருக்கும் எங்கள் அறையில் புல் பச்சையாக நிற்கும், பசு மேயும், குளக்கரையில் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண்மணி ஒருத்தி நீச்சலுடையில் வெயில் காய்வாள். கழகத்தைத் தொடங்கியவர்கள் சமாதானப் பிரியர்கள். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் இருபத்திரண்டு உறுப்பினரும் இருபத்திரண்டு பருவம் செய்வார்கள் என்று முன்கூட்டியே பயந்து, ஏழாம் விதியை எழுதிவைத்தார்கள்: ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் நிலம் கோடைப் பச்சையாக இருக்க வேண்டும்.

துண்டு என்பது ஆளுக்கொரு பங்கு. ஒவ்வொருவரும் தம் வீட்டில் மூன்றோ நாலோ மீட்டர் நீளத்துக்கு நிலமும் தண்டவாளமும் செய்து வைத்திருப்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டாவது வாரக்கடைசியில் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாவற்றையும் முனையோடு முனை சேர்த்துத் திருகினால் எழுபது மீட்டர் ரயில்பாதை. யாருடைய துண்டும் யாருடையதோடும் சேரும். அதுதான் விதியின் அழகு என்பார்கள். நான் கழகத்தின் செயலாளர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவால்ட் குஸ்டரின் துண்டு மட்டும் யாருடையதோடும் சேர்ந்ததில்லை. அவரிடம் துண்டே இல்லை. பத்தொன்பது வருட உறுப்பினர், சந்தா ஜனவரி இரண்டாம் தேதி வந்துவிடும், கண்காட்சியில் நாற்காலி அடுக்குவார், வாசலில் சீட்டுக் கிழிப்பார். செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பியர் குடித்துவிட்டு ஒன்பதரைக்குத் தொப்பியை எடுப்பார்.

எங்கள் கழகத்தில் புதிதாகச் சேருகிறவர் முதல் இலையுதிர்கால விருந்தில் தலைவரோடு கோப்பை இடித்துக் குடிக்க வேண்டும். அதோடு 'நீங்க' ஒழிந்தது. எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'. எவால்ட் சேர்ந்த வருடம் அந்த மாலையில் அவருக்கு வயிற்றுக் கோளாறு. அடுத்த வருடம் வேறு புதியவர்கள் வந்துவிட்டார்கள். ஒரே ஆளுக்காகத் தனியாக ஒரு மாலை வைப்பது எங்களுக்கு மிகையாகப் பட்டது. ஒரு மனிதரைப் பத்தொன்பது வருடம் 'ஹெர் குஸ்டர், நீங்க' என்று திருவாளர் பட்டம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது மிகையாகப் படவில்லை.

அவர் வேலை பார்த்தது ராபனெக்கில். மேட்டு நிலத்தில், காட்டுக்கு நடுவில் இருந்த சின்னஞ்சிறு நிலையம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப்போவதற்காக மட்டுமே அங்கே இருந்தது. இறங்குகிறவர் இல்லை, ஏறுகிறவர் எவால்ட் மட்டும், அதுவும் பணி முடிந்து வீட்டுக்குப் போக. அடுத்த நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும் முன் தொலைபேசி அடிக்கும். "வண்டி இருபத்து நாலு பதினேழு, ஏத்துக்கிறீங்களா?" பாதை காலியாக இருந்தால், "இருபத்து நாலு பதினேழு, ஏத்துக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு. இருபத்திரண்டு வருடம், பணிக்குப் பதினாறு தடவை. அந்தப் பக்கம் பேசிய மனிதருக்கு ஜலதோஷம் பிடித்தால் அவர் மனைவிக்கு முன்னால் எவால்டுக்குத் தெரியும். அவரை நேரில் பார்த்தது ஒரே முறை, ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில். பிடிக்கவில்லையாம். பிறகு சிக்னல்களெல்லாம் தொலைவிலிருந்தே இயங்கும்படி மாறி, ராபனெக்கைப் பூட்டி, எவால்டை நகரத்தில் சரக்கு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அறைக்கு ஆறு பேர். அங்கேதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அவருக்கு மனைவி உண்டு. ரோஸ்விதா. மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று மருத்துவர் சொல்லி, மூன்று மாதத்துக்கு டெனரீஃப் தீவுக்குப் போனாள். அந்த மூன்று மாதம் இப்போது ஏழாவது வருடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவாள். இருவரும் வெப்பநிலையைச் சொல்லிக்கொள்வார்கள்.

"இங்க இருபத்து நாலு டிகிரி, எவால்ட்."

"இங்க மைனஸ் ரெண்டு."

"இன்னும் அந்த நிலவறைப் பாதாளத்துலதான் இருக்கியா?"

"பனி போட்டுக்கிட்டு இருக்கேன்."

"பனியா? பனிக்குப் பயந்துதான் நான் கடல் தாண்டி வந்தேன். நீ என்னடான்னா வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து போடுறியா?"

அவர் சிரித்தாராம். அவளும் சிரித்தாளாம். பிறகு இருபத்து நாலுக்கும் மைனஸ் இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் அழைப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றாயிற்று. அதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை.

நிலவறையில் அவர் செய்துகொண்டிருந்தது ராபனெக் நிலையம். ஏன் என்று நான் கேட்டபோது, சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்காட்சியில் எங்கள் நிலையங்களுக்குள் பட்டாளத்துப் பழைய தொலைபேசிகளை இழுத்துக் கட்டியிருப்போம். கைப்பிடியைச் சுற்றினால் அடுத்த நிலையத்தில் மணி அடிக்கும். நிஜ ரயில்வேயில் கேட்பது போலவே கேட்டு, ஏற்றுக்கொண்ட பிறகுதான் வண்டியை அனுப்புவோம். எவால்டுக்கு அந்த வரிசையில் ஒரு நிலையம் வேண்டும். அங்கே தொலைபேசி அடிக்க வேண்டும். யாராவது அவரைக் கூப்பிட்டு, ஏத்துக்கிறீங்களா என்று கேட்க வேண்டும்.

"அதுக்கு ஜூன் மாச நிலையம் ஒண்ணு செஞ்சிருக்கலாமே" என்றேன்.

"ராபனெக்கில் ஜூனே கிடையாது" என்றார்.

பொய். காலண்டரின்படி அங்கேயும் ஜூன் வந்திருக்கும். ஆனால் அவர் நினைவில் அந்த நிலையம் பிப்ரவரியில்தான் நின்றது. கூரையில் ஒரு சாண் பனி, சிக்னல் கம்பி விறைத்துக் கிடக்கும், மணி அடிக்கும். துல்லியத்தில் வெறி பிடித்தவர்கள் ஞாபகத்தின் துல்லியத்தை மட்டும் சோதிப்பதேயில்லை.

ஏழாம் விதியை அவர் மூன்று வாரம் படித்தார். பிறகு செயலாளருக்கு, அதாவது எனக்கு, முறைப்படி கடிதம் எழுதினார். பொருள்: விளக்கம் கோருதல். 'முனை என்பது எத்தனை சென்டிமீட்டர்?' நிர்வாகக் குழு நாற்பது நிமிடம் விவாதித்து ஐந்து என்று முடிவு செய்தது. அடுத்த கடிதம்: 'நிலத்தைத் தாங்கும் மரப்பெட்டிகள் மூன்றைப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பிணைத்தால் அது ஒரே துண்டுதானா?' ஒரே துண்டுதான் என்றோம். அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. விதியைப் பற்றிக் கேட்கிறவரை நாங்கள் மதிக்கிறோம். எதற்காக என்று கேட்பது மரியாதைக் குறைவு.

அவருடைய திட்டம் இதுதான். இடது ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஜூன். அங்கிருந்து புல் மெல்ல மஞ்சளித்து இலையுதிர்காலமாகும். நடுவில் ராபனெக், பனிக்குள். அதைத் தாண்டினால் பனி உருகி, சேறாகி, வசந்தமாகும். வலது ஓரத்தில் மறுபடி ஐந்து சென்டிமீட்டர் ஜூன். ஆக ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு வருடம். முனைகள் இரண்டும் பச்சை. விதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான்கு வருடம் பிடித்தது. பனிக்கு முதலில் மாவு தூவினார், எலி தின்றது. சுண்ணச்சாந்து பூசினார், மஞ்சளித்தது. கடைசியில் பொடித்த சலவைக்கல்லை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடித் துகள் சலித்தார். இலையுதிர்காலத்துக்கு பிர்ச் மரத்தின் காய்களைப் பொறுக்கி வந்து உதிர்த்தார். அதற்குள் இருக்கும் செதில்கள், கடவுள் எங்களைப் போன்றவர்களை நினைத்தே செய்தது போல, எங்கள் ரயில்களின் அளவான எண்பத்தேழில் ஒரு பங்கில் இலைகள். ஒரு மாலை முழுக்கத் தூவினால் ஒரு மரத்தடி நிறையும். புல்லை நட ஒரு கருவி உண்டு: மின்னழுத்தம் கொடுத்தால் நாரெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நிமிர்ந்து நிற்கும். எவால்டுக்கும் அவ்வப்போது அதேதான் நேர்ந்தது. ரோஸ்விதா விட்டுப்போன பிளம் பழ ஜாடிகளை ஓர் அலமாரிக்கு நகர்த்தி இடம் பண்ணினார். ஒன்றையும் திறக்கவில்லை, ஒன்றையும் எறியவும் இல்லை.

மாலை நேரங்களில் ஓட்டிப் பார்ப்பார். வண்டி இடது ஓரத்தில் ஜூனில் கிளம்பி, அக்டோபரைத் தாண்டி, ராபனெக்கில் ஒரு நிமிடம் நின்று, ஏப்ரல் வழியாக வலது ஓரத்துக்கு வந்து நிற்கும். அவர் நடந்துபோய் அதைக் கையால் எடுத்து, திரும்ப இடது ஓரத்தில் வைப்பார். வலது ஓரத்தில் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து வண்டியைத் திருப்பி அனுப்ப ஆள் யாரும் இல்லை.

செப்டம்பரில் நான்கு பேர் சேர்ந்து அதைத் தூக்கிக் கழக அறைக்குக் கொண்டுவந்தோம். தூக்கும்போது தலைவர் ஹார்ட்விக் லாம்ப்ரெஹ்ட் மூச்சிரைத்தபடி, "ஹெர் குஸ்டர், இதுல நிஜமாவே ஒரு வருஷ எடை இருக்கு" என்றார். மேசைமேல் வைத்து விளக்கைப் போட்டதும் அறை அமைதியாயிற்று. எங்கள் கழகத்தில் அமைதி என்றால் பொறாமை.

டாக்டர் ஃபோல்க்மார் தைஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஊரின் பல் மருத்துவர். எந்த எஞ்சினிலும் ஆணி ஒன்று குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் ஆணிக்காரர் என்போம், முன்னாலும் சொல்லலாம், மகிழ்வார். முக்கால் மணி நேரம் பார்த்தார். சிக்னல் சரி. நிலையத்துக் கதவின் பச்சை சரி. ஓடையின் பனிக்கட்டியில் விரிசல் விழுந்த திசைகூடச் சரி. அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு சரக்குப் பெட்டியை எடுத்து இடது ஓரத்தில் வைத்து, விரலால் வலதுபுறம் தள்ளினார். கோடை, இலையுதிர்காலம், பனி, வசந்தம், கோடை. பிறகு, எடுத்து வைக்காமல், அதை அப்படியே இடதுபுறம் திரும்பத் தள்ளினார். பாதி வழியில் விரல் நின்றது.

"ஹெர் குஸ்டர்."

"சொல்லுங்க."

"இது ஒற்றைப் பாதைதானே?"

"ராபனெக்கில் ஒற்றைப் பாதைதான்."

"அப்ப திரும்பி வர்ற வண்டிக்கு வசந்தத்துக்கு அப்புறம் குளிர்காலம். குளிர்காலம் முடிஞ்சு இலை உதிருது. வருஷம் பின்னாடி போகுதே."

எவால்ட் தண்டவாளத்தைப் பார்த்தார். அந்தப் பாதையில் நாளுக்குப் பதினாறு வண்டியை இரு திசையிலும் இருபத்திரண்டு வருடம் அனுப்பியவர். நான்கு வருடம் அது அவருக்குத் தோன்றவேயில்லை.

"கவனிக்கல" என்றார்.

அதன் பிறகு நடந்த இரண்டு மணி நேர விவாதத்தின் குறிப்பு என்னிடம் பதினொரு பக்கம் இருக்கிறது. ஜூனில் நீச்சலுடைப் பெண்ணுக்குப் பக்கத்தில் 1938ஆம் வருட எஞ்சினும் 1971ஆம் வருட எஞ்சினும் ஒரே நேரத்தில் போவது எங்களை என்றுமே உறுத்தியதில்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குப் போகும் வண்டியை யாராலும் தாங்க முடியவில்லை.

"திரும்பற வண்டியில ஜன்னலையெல்லாம் கறுப்பு அடிச்சுடலாம். பயணிகளுக்குத் தெரியாது" என்றார் ஹார்ட்விக்.

"பயணிங்க பிளாஸ்டிக், ஹார்ட்விக்" என்றார் ஃபோல்க்மார்.

"அதனாலதான் சொல்றேன். அவங்க புகார் பண்ண மாட்டாங்க. புகார் பண்றவன் நீ ஒருத்தன்தான்."

"டேய், நான் புகார் பண்ணலைன்னா இந்தக் கழகத்துல தண்டவாளம் சதுரமா இருக்கும்."

வசந்தத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு அங்கேயும் இலையுதிர்காலமே வைக்கலாம் என்றார் ஒருவர். அப்படியானால் எந்தத் திசையில் போனாலும் வருடத்தில் பாதி தப்பு என்றார் இன்னொருவர். அப்போது ஃபோல்க்மார் எழுந்தார். முகம் பிரகாசித்தது. அவர் கெட்டவர் அல்ல. தவறைக் கண்டுபிடித்தால் தீர்வையும் கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டார்.

"வளையம்!" என்றார்.

எழுபது மீட்டர் பாதையின் ஒரு கோடியில், வண்டிகள் சுற்றித் திரும்புவதற்காக ஒரு வளையம் உண்டு. வளையத்துக்குள் எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் ஓடும். எவால்டின் துண்டில் பிணைப்பை அறுத்து, மூன்று மரப்பெட்டியாக்கி வளையத்தில் பொருத்திவிட்டால், ஒவ்வொரு வண்டியும் கோடையில் நுழைந்து, இலையுதிர்காலம், குளிர், வசந்தம் கண்டு, கோடைக்குத் திரும்பும். ஒரு வண்டிகூடப் பின்னோக்கிப் போகாது.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. வளையம் இருப்பது மண்டபத்தின் கடைசி மூலையில், உடற்பயிற்சிப் பாய்கள் அடுக்கியிருக்கும் அறையின் கதவுக்கு முன்னால் என்பதும், அங்கே பார்வையாளர் யாரும் வருவதில்லை என்பதும் அப்போது முக்கியமாகத் தெரியவில்லை. ஹார்ட்விக் வாக்கெடுப்புக்குக் கை காட்டினார்.

"வளையத்துல இயங்குற நிலையம் கிடையாது" என்றார் எவால்ட்.

"தேவையில்லையே, ஹெர் குஸ்டர். அது தானா ஓடும். உங்களுக்கும் ஒரு வேலையும் இல்ல, நிம்மதியா காபி குடிக்கலாம்" என்றார் ஹார்ட்விக்.

"தொலைபேசி?"

"அங்க எதுக்குத் தொலைபேசி? யார் கூப்பிடப் போறாங்க?"

எவால்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். மணி ஒன்பதரை என்று நினைத்தேன். எட்டேமுக்கால்தான்.

"வருஷம் பின்னாடி போனா போகட்டும்" என்றார். "பாதி வண்டிக்குத்தானே. எனக்கு யாராவது கூப்பிட்டுக் கேட்கணும். வண்டி வரட்டுமான்னு கேட்கணும். அதுக்காகத்தான் இதைச் செஞ்சேன். மத்தபடி..." மத்தபடி என்ன என்பதை முடிக்கவில்லை.

ஒரு மனிதர் பத்தொன்பது வருடத்தில் எங்களிடம் கேட்ட முதல் காரியம் அது. ஹீட்டர் டக் டக்கென்று சத்தம் போட்டது. எல்லாரும் மேசைமேல் இருந்த பனியைப் பார்த்தோம், அவரைப் பார்க்காமலிருக்க.

ஃபோல்க்மார்தான் பேசினார். விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்து, எழுந்து நின்று, பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறவர் குரலில் சொன்னார்: "ஏழாம் விதியில முனையைப் பத்தி இருக்கு. மாசங்களோட வரிசையைப் பத்தி ஒண்ணும் இல்ல. நான் பார்த்துட்டேன்."

ராபனெக் வளையத்துக்குப் போகாமல் மற்ற நிலையங்களின் வரிசையிலேயே நிற்க ஆதரவு பதின்மூன்று, எதிர்ப்பு எட்டு. ஒருவர் வாக்களிக்கவில்லை. அது எவால்ட். தம் விஷயத்தில் தாமே வாக்களிப்பது முறையல்ல என்றார்.

டிசம்பரில் மண்டபத்தில் கூடைப்பந்து வளையங்களுக்குக் கீழே அவர் நிலையம் நின்றது. வெளியே பதினோரு டிகிரி, தூறல். ஊரில் பனி இருந்த ஒரே இடம் அதுதான். நனைந்த கோட்டுகளோடு வந்தவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்தார்கள். வருடம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எவால்ட் இஸ்திரி போட்ட சட்டையில், வண்டிக் குறிப்பேட்டைத் திறந்து வைத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இடப்பக்கத்து நிலையம் ஹார்ட்விக்கினுடையது. வலப்பக்கத்தில் பத்து மீட்டர் தள்ளி குண்டுலா ப்ரெல். கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருப்பவள், குரலுக்குப் பேர்போனவள்.

ஹார்ட்விக் சோம்பேறி. கைப்பிடியைச் சுற்றாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்: "ஹெர் குஸ்டர்! வண்டி விடட்டுமா?"

எவால்ட் சுவரைப் பார்த்தார்.

"ஹெர் குஸ்டர்! காது கேக்குதா? வண்டி எண் பன்னிரண்டு நாப்பது!"

சுவரில் சுவாரசியமாக ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"அவருக்குக் கேக்குது, ஹார்ட்விக்" என்று குண்டுலா மண்டபமே கேட்கக் கூவினாள். "நீதான் அங்க இல்ல. நீ பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்க. கைப்பிடியைச் சுத்துடா, கை என்ன சாஸேஜா?"

ஹார்ட்விக் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். ராபனெக்கில் மணி அடித்தது.

எவால்ட் இரண்டாவது மணி வரை காத்திருந்து எடுத்தார். "ராபனெக்."

"வண்டி பன்னிரண்டு நாப்பது, ஏத்துக்கிறீங்களா?"

"பன்னிரண்டு நாப்பது, ஏத்துக்கிறேன்." நேரத்தை எழுதினார். பேனாவை மூடினார். அவர் காது சிவந்திருந்ததை வண்டி நேரங்களைக் குறிக்கும் என் கண்காணிப்பு மேசையிலிருந்து பார்த்தேன். வண்டி இலைகளுக்கு நடுவே போய்ப் பனிக்குள் நின்றது.

அன்று மதியத்துக்குள் பதினெட்டு அழைப்பு. குண்டுலா ஒழுங்காகச் சுற்றினாள், ஒழுங்காகக் கேட்டாள். பதினெட்டாவதில், வண்டி எண்ணைச் சொல்லி முடித்த கையோடு, "காபி வாங்கிட்டு வர்றேன், உங்களுக்குப் பால் ஊத்தணுமா?" என்றாள்.

"இது வண்டிக்கான இணைப்பு" என்று எவால்ட் வைத்துவிட்டார்.

பத்து மீட்டர் தள்ளி அவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவருக்குப் பால் ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கேட்கப்பட வேண்டும் என்பதற்காக நான்கு வருடம் உழைத்தவர், கேட்டதும் ஒழுங்கு விதியைக் காட்டி வாயை அடைத்துவிட்டார். அவள் காபி வாங்கப் போகவில்லை. அதன் பிறகு வந்த அழைப்புகளில் எண்ணைத் தவிர ஒரு சொல் இல்லை.

நான்கு மணிக்கு மேல் கூட்டம் கேக் மேசைக்குப் போயிற்று. அட்டவணையில் நாற்பது நிமிடம் வண்டி இல்லை. எவால்ட் குறிப்பேட்டில் கோடு போட்டார். போட்ட கோட்டின்மேல் இன்னொரு கோடு. கையைத் தொலைபேசிமேல் வைத்தார், எடுத்தார். கூரையிலிருந்து உதிர்ந்திருந்த பனித் துகளை விரல் நுனியால் ஒற்றி மேலே வைத்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார்.

குண்டுலா கம்பளிப் பின்னலை வைத்துவிட்டு எடுத்தாள். என் மேசையின் இணைப்பிலும் எல்லாம் கேட்கும். கேட்பது என் பணி.

"இங்க ராபனெக்."

"சொல்லுங்க."

"வண்டி எதுவும் இல்ல."

"தெரியும்."

எவால்ட் குறிப்பேட்டைப் புரட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"லைன் சோதனையா?" என்றாள்.

"ஆமா. சோதனைதான்."

"நல்லா கேக்குது."

"எனக்கும் நல்லா கேக்குது." வைத்துவிட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பத்து மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். எவால்ட் நேரத்தை எழுதத் தொடங்கி, எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார். அப்போது ராபனெக்கில் மணி அடித்தது. இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார்.

"ராபனெக்."

"என் பக்கத்துலேருந்தும் சோதிச்சுப் பார்க்கணும் இல்லையா" என்றாள் குண்டுலா. "கேக்குதா?"

"கேக்குது."

"அங்க பனி எப்படி?"

அவர் யோசித்தார். விதியில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். "முழங்கால் வரைக்கும்" என்றார். "காலையில வாரினேன். மறுபடி விழுந்துடுச்சு."

அடுத்து அவர்கள் பேசியதை நான் எழுதப் போவதில்லை. பெரும்பாலும் பனியைப் பற்றி. நடுவில் ஒரு முறை பாலைப் பற்றி. நாற்பது நிமிடம் முடிந்து மாலை வண்டி ஹார்ட்விக்கின் நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்றது. அவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ராபனெக் பேசிக்கொண்டிருந்தது. கத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வண்டி கோடையின் எல்லையில் ஒன்பது நிமிடம் நின்றது. கழக வரலாற்றில் அதிகபட்சத் தாமதம் அதுவரை நான்கு.

தாமதத்துக்குக் காரணம் எழுத என் தாளில் ஒரு பத்தி உண்டு. ஃபோல்க்மார் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன எழுதப் போற?"

"பனி" என்று எழுதினேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ராபனெக் பக்கம் பார்த்தார். "சரிதான்" என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டார்.